மூன்று முறை மணி

கோழி இறகை விரால் மீன் கவ்வும் என்றால் இன்ஸ்பெக்டர் ஐயா நம்புவீர்களோ தெரியாது. என் கண்ணால் காணும்வரை நானும் நம்பவில்லை.

பதினாறு வருஷமாக இந்தக் குளத்தில் மிஞ்சிய தண்ணீரை ஆற்றில் விடும் வான் கதவு என் பொறுப்பு. மழைக்காலத்தில் தண்ணீர் பத்தொன்பது அடியைத் தொட்டால், மூன்று முறை மணி அடித்துவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். கீழே ஆற்றில் நிற்பவர்கள் கரையேறத்தான் அந்த மணி. மயில்வாகனத்தார் செத்த அன்றும் அடித்தேன். குளக்கட்டால் சைக்கிளில் போன யஹ்யாவைக் கேட்டுப் பாருங்கள்.

கதவுக்குக் கீழே ஆற்றில் ஒரு பாறை. அதன் அடியில் ஒரு விரால் இருந்தது. நாலு வருஷமாக அதற்குத் தூண்டிலில் மண்புழு போட்டேன், தவளை போட்டேன். வந்து பார்க்கும், போய்விடும். எனக்குப் பிள்ளைகள் இல்லை, சீட்டாட்டமும் இல்லை. வேலை முடிந்தால் அந்த விரால்தான்.

மயில்வாகனத்தார் முந்திக் கல்லுடைக்கும் இடத்தில் வெடி வைத்தவர். ஊர் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் தன் தூண்டில் தடியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இறகைப் பட்டுநூலால் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்வதும் அந்தத் துரை பழக்கியதுதான். இறகு என் வீட்டுச் சேவலுடையது. என் மனைவி இராசமலர் கொடுத்தாள்.

"பாவம் அந்த மனுசன். ரெண்டு இறகுதானே," என்றாள்.

போன வருஷம், அறுபத்தொன்றாம் ஆண்டு ஐப்பசியில், இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்தப் பூச்சியை வீசினார். முதல் வீச்சிலேயே விரால் கவ்வியது. கொண்டுபோய்க் கறி வைத்திருந்தால் நான் மறந்திருப்பேன். அவர் முள்ளைக் கழற்றி, முதுகைத் தடவி, திரும்ப ஆற்றில் விட்டார். பிறகு குளக்கட்டில் நின்ற என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"சிற்றம்பலம், உன்ர ஆளை விட்டிட்டன். நீயும் ஒருக்காப் பிடிச்சுப் பாரன்."

ஏழு முறை பிடித்தார். ஏழு முறையும் விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

மணி அடித்தும் அவர் ஏன் கரையேறவில்லை என்று ஐயா கேட்டது சரியான கேள்வி. வெடி வைத்த காலத்திலேயே அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. ஊருக்கே தெரியும். அதனால் மணி அடித்த பிறகு என் சிவப்புத் துவாயை வீசிக் காட்டுவேன். அவர் கையை உயர்த்திவிட்டுக் கரையேறுவார். சட்டத்தில் மணி இருக்கிறது, துவாய் இல்லை. அன்று துவாய் என் தோளில்தான் கிடந்தது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று விடிய ஆறு மணிக்கே தண்ணீர் பத்தொன்பது அடி. நான் திறக்கவில்லை. அவர் எட்டரைக்குத்தான் வருவார். வந்து, இறங்கி, எனக்கு முதுகு காட்டிப் பாறையைப் பார்த்து நிற்கும்வரை பொறுத்திருந்துதான் மணி அடித்தேன். வழக்கமாகக் கதவைத் தூக்கும் சில்லை நாலு சுற்றுச் சுற்றுவேன். அன்று பன்னிரண்டு. ஓம், நான்தான் கொன்றேன். செத்தவீட்டுக்கும் போனேன். பாடையில் ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன்.

வெள்ளம் வடிந்ததும் பாறையடிக்குப் போனேன். சேவல் இறகு கட்டிக்கொண்டுதான் போனேன். மூன்று நாள் வீசியும் ஒன்றும் எழும்பவில்லை. அவ்வளவு தண்ணீர் வந்தால் விராலையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நான் யோசிக்கவில்லை. பிழை விட்டது அதில் மட்டும்தான், ஐயா.