ஆமை இழுத்த வயர்

நோட்டீஸ் ஒட்டிப் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது, ஐயா. எங்கள் பாடசாலையின் ரோபோக் கழகத்தைப் பதினொரு வருடமாக நடத்துகிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். சர்க்கிட் பலகையைக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள். ஏதாவது ஒன்று கண்முன்னே அசைய வேண்டும். தாய் தகப்பன் பக்கத்தில் நின்று வாயைப் பிளக்க வேண்டும். நடந்ததை வாக்குமூலமாக எழுதித் தரச் சொன்னீர்கள். என் கையெழுத்து நல்லது, ஆறுதலாக, அவசரமில்லாமல் எழுதுகிறேன்.

போன வருடம் நான்கு பேர்தான் சேர்ந்தார்கள். இந்த வருடமும் அப்படியென்றால் கழக அறையை நடனத்துக்குக் கொடுத்துவிடுவதாக அதிபர் சொல்லியிருந்தார். எனக்குப் பயம். மற்ற ஆசிரியர்கள் பார்த்திருக்க அந்த அறையின் பூட்டுத் திறப்பை நீட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அதனால்தான் ஆமையைக் காட்டுவதாக அறிவித்தேன்.

ஆமை என்பது பிள்ளைகளோடு சேர்ந்து நான் செய்த, கடலுக்குள் இறங்கும் ரோபோ. துறைமுகக் கரையிலுள்ள பழைய ஜெட்டியிலிருந்து பெற்றோர் ஒரு எவர்சில்வர் குவளையை எறிவார்கள். ஆமை போய் எடுத்துவரும். ‘முன் அனுபவம் தேவையில்லை, பயப்படாமல் வாருங்கள்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தேன். நிகழ்ச்சி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மோட்டருக்குள் உப்புத் தண்ணீர் போய் ஆமை செத்துவிட்டது.

லதீசனைக் கூப்பிட்டேன். கழகத்தின் முதல் அணிப் பிள்ளை அவன். இப்போது கலியாணம் முடித்துச் சல்லிக் கிராமத்தில் இருக்கிறான், சங்கு குளிக்கிற தொழில். இருக்கிறான் என்று எழுதிவிட்டேன். அதை வெட்டாமல் விடுகிறேன். அவன் ஜெட்டிக்கு அடியில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கி, குவளையை ஆமையின் கவ்வியில் மாட்டி, ஆமையை மேலே தள்ளிவிட வேண்டும். தண்ணீர் கலங்கல், யாருக்கும் தெரியாது. ஆமையின் வயரோடு ஒரு நைலோன் கயிற்றையும் சேர்த்துச் சுற்றினோம். கயிற்றின் ஒரு நுனி அவன் இடுப்பில், மறுநுனி வயரோடு என் கையில்.

“தூணில பழைய வலை ஒண்டு சிக்கிக் கிடக்கு, சேர்,” என்றான். “மூண்டு தரம் இழுத்தனெண்டா யோசியாம ஆக்களைக் கூப்பிட்டுத் தூக்குங்கோ.”

ஓம் என்றேன்.

முதல் தடவை ஆமை குவளையோடு மேலே வந்தது. குமிழிகளை மோட்டர்க் காற்று என்று விளக்கினேன். அப்படியொரு கைதட்டலை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. அதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒரு தகப்பன், “இன்னொருக்காக் காட்டுங்கோ, சேர்” என்றார். காட்டுகிறேன் என்றேன்.

இரண்டாம் தடவை கயிறு மூன்று தரம் இழுபட்டது. சற்று நின்று, மறுபடி மூன்று தரம். எனக்கு எண்ணத் தெரியும், ஐயா. முதல் மூன்றிலேயே விளங்கிவிட்டது. பக்கத்தில் வள்ளக்காரர் இருவர் நின்றார்கள். ஒரு சத்தம் கொடுத்தால் போதும். நான் கொடுக்கவில்லை. ஆமைக்குப் பதிலாக ஒரு ஆள் மேலே வந்தால் அத்தனை பேரும் சிரிப்பார்களே என்று பயந்தேன்.

“பாருங்கோ, ஆமைக்கு எவ்வளவு பலம்,” என்றேன். கை தட்டினார்கள்.

முன்வரிசையில் கஜந்தினி என்று ஒரு பிள்ளை, ஆறாம் வகுப்பு. தானும் பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். பிள்ளைகளைத் தொட விட வேண்டும் என்பது என் கொள்கை. தொட்ட பிள்ளை சேராமல் போனதில்லை. வயரையும் கயிற்றையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தேன்.

“உயிர் இருக்கிற மாதிரி இழுக்குது, சேர்,” என்றாள். சந்தோஷத்தில் அவள் முகம் சிவந்திருந்தது. நான் கழகத்தின் நோக்கங்களை விளக்கிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில், “சேர், இப்ப இழுக்கேல்ல,” என்றாள்.

“ஆமை களைச்சுப்போச்சு,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அல்ல.

பிறகு பெயர் பதிந்தோம். நாற்பத்தொரு பேர். கடைசிப் பெற்றோரும் போன பிறகுதான் வள்ளக்காரரைக் கூப்பிட்டேன். வலை அவனுடைய சிலிண்டரிலும் காலிலும் சுற்றி, காற்றுக் குழாயை வாயிலிருந்து பிடுங்கியிருந்தது. இடுப்புக் கயிறு அவிழாமல் இருந்தது.

அன்றிலிருந்து கஜந்தினி வலது கையை விரிக்க மாட்டேன் என்று மூடியே வைத்திருக்கிறாளாம். சோறும் தாய்தான் வாயில் தீத்துகிறாளாம். புதுப்பிள்ளைகள் தொடக்கத்தில் கொஞ்சம் பயப்படுவது வழமை. ஆனால் ஒரு விடயம் தெளிவாகப் பதியப்பட வேண்டும், ஐயா. லதீசனின் உயிர் போன நேரம் கயிறு அந்தப் பிள்ளையின் கையில்தான் இருந்தது. என் கையில் இருக்கவில்லை.