மணலில் போட்ட சோழி

கருப்பட்டியைப் பொடித்துச் சேர்த்தால் இந்த எண்ணெயின் நாற்றம் பாதி போய்விடும், டாக்டர் ஐயா. அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குப்பி மூடியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தீர்கள், முதலில் எல்லாரும் அப்படித்தான்.

பெயர் சத்தியநேசன், இந்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என்று எழுதிக்கொண்டு மீதியைக் கேளுங்கள். பூங்கனி அக்காவின் மகளுக்குக் கண் போனதைப் பற்றி விசாரிக்கத்தானே உங்களை நாகர்கோவிலிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. உண்மையில், இதையெல்லாம் கேட்க ஒரு படித்த ஆள் வரமாட்டாரா என்றுதான் இருந்தேன்.

இந்தச் சிதறால் பக்கத்தில் ஏழை வீடுகளில் மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்குதான். அதில் வயிறு நிறையும், கண்ணுக்கு வேண்டிய சத்து கிடையாது. முதலில் மாலைக்கண் வரும். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் கதவில் போய் முட்டும். பிறகு கண் வறண்டு, கருமணி வெளுத்து, ஒருநாள் இளகிப் போய்விடும். சீமையிலிருந்து வரும் மீனெண்ணெய் கொடுத்தால் நிற்கும். ஆனால் அது எத்தனை வீட்டுக்குக் கிடைக்கும்? குளச்சலில் சுறா ஈரலைக் காய்ச்சி, கடலுக்குப் போகும் வள்ளத்துக்குப் பூசுகிறார்கள். அதே சத்து அதிலும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மீன் வியாபாரி மைதீன் பிச்சையிடம் கேட்டேன்.

“ஏலே, வள்ளத்துக்குப் பூசுறத பிள்ளையளுக்கு ஊத்தப்போறியா? நல்லா மெதக்குமுடே” என்று சிரித்தார். ஆனாலும் எண்ணெய் தந்தார்.

இங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரும் சிரித்தார். ஒருவனுக்குக் குணமாவது தற்செயலாக இருக்கலாம், கொடுக்காத ஒருவனையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் உலகம் நம்பும் என்றார். பிறகு லீவில் கப்பலேறிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

போன வருஷம் கோயில்களை எல்லாருக்கும் திறந்துவிட்டார்களே, அதற்கு அடுத்த மாதம் பூங்கனி அக்கா வந்தாள். மரச்சீனி பிடுங்கப் போகிறவள். புருஷன் கொழும்புக்குப் போய்ச் சேதியில்லை. இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள், குளோரி, ஞானபாய். இரட்டையர். ஒரே முகம், ஒரே வயது, ஒரே சட்டியில் சாப்பாடு, இரண்டு பேருக்கும் மாலைக்கண் ஒரே அளவில். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஐயா இப்படி ஒரு ஜோடி கிடைக்கும்?

இரண்டு குப்பிகள் கொடுத்தேன். சிவப்பு நூல் கட்டியதில் சுறா எண்ணெய். வெள்ளை நூல் கட்டியதில் தேங்காய் எண்ணெய். கருவாட்டை அதில் ஊறவைத்திருந்ததால் வாசனையில் வித்தியாசம் தெரியாது. யாருக்கு எது என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் ஓடிவந்து கையை நீட்டியவள் குளோரி. அவளுக்குச் சிவப்பு, ஞானபாய்க்கு வெள்ளை.

அடுத்த தடவை வந்தபோது இரண்டு பேருக்குமே பார்வை கொஞ்சம் தெளிந்திருந்தது. வெள்ளை நூல் குப்பிக்காரிக்கு எப்படித் தெளியும்? பூங்கனி அக்காவைக் கேட்டேன்.

“ரெண்டு குப்பி என்னத்துக்கு சாறே? ஒரே பானையில ஊத்திக் கலக்கி ரெண்டுபேருக்கும் குடுத்தேன். ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் குறையன்னு வந்திரப்பிடாதுல்லா. ரெண்டும் எனக்க வயித்துல ஒண்ணாக் கெடந்ததுதானே” என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. விவரம் தெரியாதவள். பிள்ளைகளை இங்கேயே வார்டில் வைத்துக்கொள்கிறேன், என் கையாலேயே மருந்து ஊற்றுகிறேன் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள்.

பொழுது சாயும்போது முற்றத்து மணலில் ஒரு வெள்ளைச் சோழியைப் போட்டு எடுக்கச் சொல்வேன். பார்வையை அளக்க நானே கண்டுபிடித்த வழி அது. குளோரி நாளுக்கு நாள் சீக்கிரம் எடுத்தாள். ஞானபாய் மணலைத் தடவிக்கொண்டே இருப்பாள். “சாறே, நீங்க போடவே இல்ல. பொய்யி” என்று சிரிப்பாள். குளோரி மெல்ல, “ஏட்டி, இடது கைப் பக்கம்” என்று சொல்லிக்கொடுத்தாள். அதனால் குளோரியை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

பிறகு ஞானபாயின் கண் வறள ஆரம்பித்தது. கருமணி மங்கியது. அப்போது கொடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்கிறீர்கள். இருக்கலாம். சீமை மீனெண்ணெய் நாலு குப்பி அந்த அலமாரியில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சாவி என் இடுப்பில். அதைக் கொடுத்திருந்தால் எது எதனால் ஆனது என்று யாருக்கும் சொல்ல முடியாமல் போயிருக்கும், பிள்ளை பட்ட பாடெல்லாம் வீண். அவளுக்காகத்தான் பொறுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு கண்ணும் போன பிறகு பூங்கனி அக்கா கேட்டாள்: “இவளுக்கும் அந்த எண்ணதானே சாறே குடுத்திய?”

“இரண்டு பேருக்கும் என் கையால்தான் ஊற்றினேன், அக்கா” என்றேன். பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

அவள் ஞானபாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “அப்பம் நான் அண்ணைக்கு மருந்தக் கலக்குனதுனாலயா சாறே இவளுக்கு இப்பிடி?”

இருக்கலாம் என்றேன். அவள் கலக்கியது சோதனைக்கு இடைஞ்சல்தானே. அன்றைக்குப் பிறகு அவள் ஞானபாயை இடுப்பிலிருந்து இறக்குவதே இல்லை என்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை. வீட்டில் மருந்து ஊற்றுவதுகூட இல்லை. தன் கை படக்கூடாது என்று குளோரியைத் தினமும் இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறாள். ஒத்தாசையாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு ஜோடிதானே, இதுவும் தற்செயலாக இருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் அதை யோசித்தேன். கொடுத்தால் குணமாகிறது என்றால், நிறுத்தினால் திரும்ப வர வேண்டும். அதனால் குளோரியின் சிவப்பு நூல் குப்பியில் கொஞ்ச காலமாகத் தேங்காய் எண்ணெய்தான்.

நேற்று சாயங்காலம் சோழியைப் போட்டேன். குளோரி குனிந்து மணலைத் தடவினாள், நிறைய நேரம். பிறகு நிமிர்ந்து, “சாறே, நீங்க போடவே இல்ல” என்று சிரித்தாள். அன்று ஞானபாய் சொன்ன அதே சொல், ஐயா.

இனி யாரும் தற்செயல் என்று சொல்ல மாட்டார்கள், இல்லையா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?