ஊசியை எடுக்கும் இடம்

ராஜையன்: எடும்... ஊசிய எடும் தம்பி... ஆங், போதும்.

முருகதாஸ்: இன்னும் கொஞ்சம் ஓடும்போல இருக்கே ஐயா.

ராஜையன்: ஓடாது. பாட்டு அம்புட்டுதான். அங்கிட்டு விட்டா ஊசி மாட்டி கிராமபோன் பிளேட்டு கீறிப்போவும். எங்க அப்பா காலத்துல இருந்தே இந்த இடம் வந்தா கை தன்னால போயிரும்.

பிரீனா: அப்பா, முருகதாஸ் அண்ணன் கொட்டாரத்துல இருந்து பிளேயர மடியில வச்சிட்டு பஸ்சுல வந்திருக்காவ. முதல்ல சாயா குடிக்கட்டும்.

ராஜையன்: குடிக்கட்டும், யாரு வேண்டாம்னா? ஆனா ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பாட்டு கம்ப்யூட்டர்ல ஏறிரணும். வாசகசாலை முன்னால கல்லு திறக்கச்சில மைக்செட்டுல எங்க அப்பாக்க குரலுதான் முதல்ல கேக்கணும்.

முருகதாஸ்: கல்லுல என்ன ஐயா வெட்டப்போறாவ?

ராஜையன்: "பாடலாசிரியர் ஏசுஅடிமை"ன்னுதான். ஆறு பிளேட்டு, பன்னெண்டு பாட்டு. நூறு வருஷத்துக்கு முன்னால இந்தப் பக்கத்துல யாரு பாட்டு பிளேட்டுல வந்துச்சு?

முருகதாஸ்: ஒட்டியிருக்க தாள்ல "பாடியவர்"ன்னு மட்டுந்தான் இருக்கு.

ராஜையன்: பாடினவருதான் பாட்டு கெட்டினவரு. பின்ன அடுத்த வீட்டுக்காரனா வந்து கெட்டிக் குடுப்பான்? மக்கா பிரீனா, நான் போய் கல்லு நாட்டுத இடத்தப் பாத்துட்டு வாறேன். சாயந்திரத்துக்குள்ள கல்லு வெட்டுதவருக்கு வாட்ஸப்புல பேரு அனுப்பணும், மறந்திராத.

பிரீனா: அனுப்பிருதேன்ப்பா. குடைய எடுத்துக்கிடுங்க.

முருகதாஸ்: ...ஒண்ணு கேக்கட்டா டீச்சர்?

பிரீனா: கேளுங்கண்ணே.

முருகதாஸ்: நாகர்கோயில்ல ரேடியோ பாக்குத கடை நாலு இருக்கு. கொட்டாரம் வரைக்கும் என்னை எதுக்குத் தேடி விளிச்சிய?

பிரீனா: ...நல்லா செய்வியன்னு சொன்னாவ.

முருகதாஸ்: யாரு?

பிரீனா: பலரும் சொன்னாவ. சாயா ஆறுது.

முருகதாஸ்: நல்ல பாட்டு, என்ன? "காளை இல்லா வண்டி வருது, கதவைச் சாத்திப் பாரடி..." முதல் பஸ்சு வந்த காலம். "முட்டத்து மீன்கூடை உள்ளே குந்துது, மூணுமுழ நேரியல் வெளியே தொங்குது..."

பிரீனா: நில்லுங்க, நில்லுங்க. மீன்கூடை எங்க இருந்து வந்துச்சு?

முருகதாஸ்: இந்தப் பாட்டுலதான். மூணாவது சரணம்.

பிரீனா: இதுல ரெண்டு சரணந்தான். வாசகசாலை புஸ்தகத்துலயும் ரெண்டுதான்.

முருகதாஸ்: பிளேட்டுல மூணு நிமிஷந்தான கொள்ளும். விட்டிருப்பாவ.

பிரீனா: விட்டது உங்களுக்கு எப்படி தெரியும்?

முருகதாஸ்: ...எங்கயோ கேட்டது. அத விடுங்க, இதப் பாருங்க. பிளேட்ட வெளிச்சத்துல சாச்சுப் பிடிங்க. வெளிய பூரா தேஞ்சு வெளுத்துக் கெடக்கா? நடுவுல, தாளுக்குப் பக்கத்துல, அரைவிரல் அகலத்துக்கு...

பிரீனா: கருப்பா மின்னுது.

முருகதாஸ்: நேத்து கடையில வாங்கினது போல. ஊசி படாத இடம். ஆனா கோடு இருக்கு டீச்சர். கோடு இருந்தா சத்தம் இருக்கும்.

பிரீனா: என்ன சத்தம்?

முருகதாஸ்: அந்தக் காலத்து கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிஞ்சதும் பாடினவரு அவருக்க பேரச் சொல்லணும். தூரத்துல கொண்டுபோய் பிளேட்டு அடிக்கச்சில ஆளு மாறிரக் கூடாதுன்னு.

பிரீனா: பேரு மட்டுந்தானா?

முருகதாஸ்: சிலபேரு அதுக்கு மேலயும் சொல்லுவாவ.

பிரீனா: சாயாவ எதுக்கு ஊதிக்கிட்டே இருக்கிய?

முருகதாஸ்: சாயா சூடு.

பிரீனா: சாயா எப்பமே ஆறிப்போச்சுண்ணே.

முருகதாஸ்: சரி, குடிச்சிருதேன்.

பிரீனா: இந்தப் பிளேட்டு வேற வீட்டுல இருக்காதா?

முருகதாஸ்: முப்பது வருஷமா தேடுதேன். முட்டத்துல ஒண்ணு கிடைச்சுது, ரெண்டா உடைஞ்சு. அப்பம் இந்த வட்டாரத்துக்கே பாட்டுப்பொட்டி ஒண்ணுதான. அது உங்க வீட்டுல.

பிரீனா: அப்பம் ஊரு பூரா எங்க தாத்தா ஊசி எடுத்த இடம் வரைக்குந்தான் கேட்டிருக்கு.

முருகதாஸ்: அம்புட்டுதான்.

பிரீனா: அப்பா முக்கு திரும்பிட்டாவளா, பாருங்க.

முருகதாஸ்: திரும்பிட்டாவ.

பிரீனா: போடுங்க. இந்த மட்டம் ஊசிய எடுக்காதீங்க.

முருகதாஸ்: ஐயா வேண்டாம்னாவளே...

பிரீனா: போடுங்கண்ணே.

பிளேட்டுக் குரல்: ...காளை இல்லா வண்டி வருது, கதவைச் சாத்திப் பாரடி...

முருகதாஸ்: எடுக்குத இடம் வந்தாச்சு.

பிரீனா: கையக் கீழ வையுங்க.

பிளேட்டுக் குரல்: ...பாடியது ஏசுஅடிமை. பாட்டுக் கட்டியது கொட்டாரம் சுயம்புலிங்கம்.

முருகதாஸ்: இன்னொரு மட்டம் போடட்டா?

பிளேட்டுக் குரல்: ...பாட்டுக் கட்டியது கொட்டாரம் சுயம்புலிங்கம்.

பிரீனா: பாட்டு பூரா கரகரங்குது. இது மட்டும் பக்கத்துல நின்னு சொன்னது போல இருக்கு.

முருகதாஸ்: தொடவிடாம வச்சிருந்தாவல்லா, அதான் தேயல.

பிரீனா: மெட்ராசுல பாட்டு பதியுத குழாய் முன்னால நின்னு தாத்தா ஒழுங்கா சொல்லிட்டுத்தான் வந்திருக்காவ. ஊர்ல நாலு பேரு கைதட்டின பொறவு ஊசிய எடுக்கப் படிச்சுட்டாவ. எனக்கு வெக்கமா இருக்குண்ணே.

முருகதாஸ்: நீங்க எதுக்கு வெக்கப்படணும்? ரெண்டு பேரும் கூட்டுக்காரங்கதான். ஒண்ணா திருநெல்வேலி போய் ரயிலேறினாவளாம். ஒருத்தருக்கு பாட்டு கெட்ட வரும், குரலு வராது. மத்தவருக்கு குரலுதான் எல்லாம்.

பிரீனா: பொறவு?

முருகதாஸ்: பொறவு என்ன... சாவுதது வரைக்கும் "அது எனக்க பாட்டு"ன்னு அவரு சொல்லிட்டே இருந்தாரு. சந்தைக்குப் போனா "புளுகு வந்தாச்சு"ன்னு சிரிப்பாவளாம். கடைசியில சந்தைக்குப் போறதையே விட்டாச்சு. வெளிய பாட்டே படிக்கமாட்டாரு. வீட்டுல பிள்ளைங்க அழுதா மட்டும் ஒரு சரணம், மெதுவா...

பிரீனா: மீன்கூடை சரணமா?

முருகதாஸ்: ...கொட்டாரத்துல அப்படி பேசிக்கிடுவாவ.

பிரீனா: பிளேட்டுல அந்தப் பேரக் கேட்டு நீங்க ஆச்சரியப்படலியே.

முருகதாஸ்: நீங்களுந்தான் படல டீச்சர்.

பிரீனா: ...அப்பாக்கு கண்ணு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு வீட்டுல துணி எடுக்க வந்தேன். ஆளில்லாத வீடு. என்னமோ தோணிச்சு, பொட்டிக்கு சாவி குடுத்து கடைசி வரைக்கும் ஓடவிட்டேன்.

முருகதாஸ்: அது எப்பம்?

பிரீனா: ரெண்டு மாசம் ஆச்சு. பன்னெண்டு பக்கமும் கேட்டேன். பன்னெண்டுலயும் அதே பேருதான்.

முருகதாஸ்: பன்னெண்டுலயுமா...

பிரீனா: ஆமாண்ணே.

முருகதாஸ்: ஐயாட்ட சொன்னியளா?

பிரீனா: சொல்ல வாய் வரல. இன்னைக்கு சொல்லுவேன். கோவப்படுவாவ, ரெண்டு நாளு சாப்பிடமாட்டாவ. பொறவு அவியளே அந்தப் பிளேட்டப் போட்டுக் கேப்பாவ. எனக்கு எங்க அப்பாவத் தெரியும்.

முருகதாஸ்: உங்க போனு அடிக்குது.

பிரீனா: கல்லு வெட்டுதவருதான். பேரு எங்கன்னு கேக்காரு.

முருகதாஸ்: ...என்ன அனுப்பப்போறிய?

பிரீனா: "பாடியவர் ஏசுஅடிமை"ன்னு போட்டாச்சு. மேல ஒரு வரி காலியா விட்டிருக்கேன்.

முருகதாஸ்: நான்... நான் இறங்குதேன் டீச்சர். மூணரை பஸ்ச விட்டா பொறவு...

பிரீனா: இருங்கண்ணே. நாலு கடையத் தாண்டி உங்கள எதுக்கு விளிச்சேன்னு கேட்டியளே. கொட்டாரத்துல போய் விசாரிச்சேன், சுயம்புலிங்கத்துக்க பேரன் ரேடியோ கடை வச்சிருக்காருன்னு சொன்னாவ. கண்ணத் துடைச்சிட்டு சொல்லுங்க... உங்க தாத்தாக்க பேருக்கு முன்னால என்ன இனிஷியல் போடணும்?