மாநில மரம்

கூலி வேலை தேடி கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அருகிலிருந்த சீட்டில் ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"என்ற சர்க்கார் வேலையப் பனைமரம் கெடுத்துப்போடுச்சுங்க்கா."

"பனை என்ன பண்ணுச்சு?"

"பரீட்சையில கேரளத்தோட மாநில மரம் எதுன்னு கேட்டாங்க. பொள்ளாச்சியில வாங்குன கைடைப் படிச்சுட்டுப் போயி பனைன்னு குறிச்சுட்டேன். அது தமிழ்நாட்டு மரமாமா. ஒரே மார்க்குல போச்சு."

"உன்ற நாத்தனாளும் எழுதுனாளே, அவளுக்கு என்னாச்சு?"

"தென்னைன்னு குறிச்சு லிஸ்ட்டுல வந்துட்டா. எங்க தோப்புல அத்தனை தென்னை நிக்குது. அவ ஊட்டுல கறிவேப்பிலைச் செடிகூட இல்லீங்க."

"கூப்பிட்டு ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லு, புள்ள."

அதற்குள் நாத்தனாரே கூப்பிட்டாள். இவள் போனை எடுத்து, "அலோ, டவர் இல்லீங்க, ஒண்ணுமே கேக்கல" என்று வைத்துவிட்டாள். வைக்கும் முன், நின்றுகொண்டிருந்த எனக்கே போனிலிருந்து நாத்தனாரின் சிரிப்பு தெளிவாகக் கேட்டது.