காலை ஊன்றுங்கள், அண்ணாச்சிமாரே!

விடியுமுன்பே வந்து அமர்ந்து விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் தீப்பெட்டித் தொழிலதிபர், பெரியவர் பூவனநாதன் அவர்களே! கரிசல் காட்டுக் களையெடுப்பை ஒருநாள் ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! ஐம்பதைத் தாண்டியும் அடங்காமல், அறுபதைத் தொட்டும் அசராமல், சைக்கிளும் கையுமாக நிற்கும் அண்ணாச்சிமாரே! கோவில்பட்டிப் பெருமக்களே! போட்டிக் குழுச் செயலாளர் சுடலைராஜ், இரு கை கூப்பி உங்கள் முன் நிற்கிறேன்.

இன்னும் அரைமணி நேரத்தில் முப்பத்தொரு சைக்கிள்கள் புறப்படப் போகின்றன. பசுவந்தனை வழியாக ஓட்டப்பிடாரம் போய், போன வழியே திரும்ப வேண்டும். முப்பத்தொரு பேரும் மூச்சோடும் முகமலர்ச்சியோடும் இங்கே வந்து சேர வேண்டும். எனக்கு இன்று வேறு கவலையே கிடையாது.

நம் போட்டியின் சட்டம் என்ன? கால் தரையில் பட்டால் தோற்றான்! தண்ணீரா? ஓட்டிக்கொண்டே குடி! கடலைமிட்டாயா? மிதித்துக்கொண்டே கடி! பதினெட்டு ஆண்டுகளாக அந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்தவன் நான். அதைச் சொல்லிச் சொல்லியே மீசையை முறுக்கியவனும் நான். என்ன, முன்வரிசையில் சிரிப்பு? மீசை நரைத்துவிட்டது எனக்கும் தெரியும் ஐயா.

போன ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். ஜவுளி வியாபாரி ஜமால் முகம்மது அண்ணாச்சியை அறியாதவர் உண்டா? துணிமூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, முப்பது ஆண்டுகள் சுற்றுப்பட்டி முழுக்க மிதித்தவர். ஐம்பத்தெட்டு வயதிலும் முதலில் வந்தவர். போன ஆண்டுப் போட்டியில் அவருக்குப் பக்கத்தில் நானும் ஓட்டி வந்தேன். பசுவந்தனை நெருங்கும்போது இடது தோளைத் தடவினார். தாடை இழுக்கிறது என்றார். சட்டை நனைந்திருந்தது, உடம்பைத் தொட்டால் சில்லென்றிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இறக்கியிருக்க வேண்டாமா? வாயுப் பிடிப்பு என்றேன்! ஓட்டியபடியே சோடாவை வாங்கி நீட்டினேன்! அதோடு விட்டேனா? முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே, "காலை மட்டும் ஊனிராதிய அண்ணாச்சி, பேரு போயிரும்" என்றேன். என் நண்பரை என் கையாலேயே சாவை நோக்கித் தள்ளினேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாலையோரம் டீக்கடை வைத்திருக்கும் சொர்ணத்தாய் அம்மாள் அதைப் பார்த்தார். அவருக்கு நம் சட்டமும் தெரியாது, சாதனையும் தெரியாது. ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார். நான் கத்தினேன். அந்தத் தாய் என்னை ஏறிட்டுப் பார்த்து, "மொகம் சாம்பலாக் கெடக்கு. ஒங்களுக்குப் போட்டிதான் பெருசா? அவியள எறக்குங்க" என்றார். இறக்கினோம். வந்த வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். அரைமணி பிந்தியிருந்தால் ஆள் கிடைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டர். இன்று அழைத்தோம், கடையை அடைக்க முடியாது என்று சொர்ணத்தாய் வர மறுத்துவிட்டார்.

தினம் மிதிக்கிறவருக்கா மாரடைப்பு? டாக்டரிடம் சண்டைக்கே போனேன். பம்புசெட்டு மோட்டார் நன்றாக ஓடினால் பைப்பில் அடைப்பு வராதா என்று திருப்பிக் கேட்டார். பீடியும், சர்க்கரையும், ரத்த அழுத்தமும், ஏறுகிற வயதும் சைக்கிளைக் கண்டு பயந்து ஓடிவிடுமா? உடம்பு பழகியிருப்பதால் உள்ளிருக்கும் கோளாறு வெளியே தெரிவதில்லை. நெடுந்தூரம், நெடுங்காலம், அளவுக்கு மீறி மிதித்த சிலருக்கு நெஞ்சுத் துடிப்பே தாளம் தப்புமாம். "அப்ப சைக்கிளைத் தூக்கிப் பரண்ல போடவா?" என்றேன். மிதியுங்கள், ஆனால் சோதித்துக்கொண்டு மிதியுங்கள் என்றார்.

இதோ அமர்ந்திருக்கிறார் ஜமால் அண்ணாச்சி! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! டாக்டர் அனுமதித்தபடி தினமும் ரயில் நிலையம்வரை மிதித்துத் திரும்புகிறார். ஐந்து நிமிடம் பிந்தினாலும் அவர் துணைவியார் மெஹராஜ் பேகம் அம்மையார் வாசலுக்கு வந்துவிடுகிறார் என்று கேள்வி!

அதனால்தான் இந்த ஆண்டு பெயர் கொடுத்த முப்பத்துமூன்று பேருக்கும் ஈசிஜி எடுத்தோம். முப்பத்தொரு பேர் தேறினார்கள். இருவர் மேல்சோதனை முடியும்வரை ஓட்டக்கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். ஒருவர் மில் ஃபிட்டர் விஜயராஜ், மதுரைக்குப் போயிருக்கிறார். இன்னொருவர் யார் என்று கேட்கிறீர்களா?

நான்தான்.

என் வீட்டுக்காரம்மா ஜானகியம்மாளே, எழுந்திருக்காதே. முழுவதையும் கேட்டுவிட்டு வீட்டில் வந்து திட்டு. என் துடிப்பு தாளம் தப்புகிறதாம். மூன்று நாளாக அந்த ஈசிஜி சீட்டை உனக்குக் காட்டாமல் ஒளித்தேன். யாருக்கும் தெரியாமல் போட்டியில் ஓட்டிவிடலாம் என்று இந்த நம்பரையும் சட்டையில் குத்திக்கொண்டு வந்துவிட்டேன். பதினெட்டு வருஷ வீம்பு, விடுமா? ஆனால் மேடையேறி உன் முகத்தைப் பார்த்ததும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

இதோ, நம்பரைக் கழற்றுகிறேன். மருந்து இருக்கிறது, மீண்டும் மிதிக்க வழியிருக்கிறது என்கிறார் டாக்டர். நம்புகிறேன். அண்ணாச்சிமாரே, பழைய சட்டம் இன்றோடு ஒழிந்தது! நெஞ்சு இறுகினால் இறங்குங்கள்! தாடை இழுத்தால் இறங்குங்கள்! தலை சுற்றினால், துடிப்பு தடுமாறினால் தயங்காமல் இறங்குங்கள்! பின்னாலேயே வேன் வரும், டாக்டர் வருவார். இறங்கினவரை எவனாவது கேலி பேசினால், இந்த ஆண்டு முதல் ஆளாக இறங்கியவன் செயலாளர் சுடலைராஜ்தான் என்று சொல்லுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. போய் வாருங்கள், முப்பத்தொரு பேரையும் கட்டித் தழுவ இங்கேயே காத்திருக்கிறேன். வணக்கம்.