தவளையைக் காணோம்

இல்ல சார், நான் தெரியாமத்தான் கேக்குறேன்... அந்தத் தவளை எங்க சார் போச்சு?

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி மெஷின் பக்கமா வாங்க. சூடுதான், ஆபரேட்டர் ரூம்னா அப்படித்தான். இருவத்திரெண்டு வருஷமா இந்த ஓட்டை வழியாத்தான் உலகத்தையே பாக்குறேன். இப்படி ஒரு படத்த நான் பாத்ததே இல்ல சார்!

எல்லாம் புள்ளைங்களுக்குத் தெரிஞ்ச பழைய கதைங்க. ராஜகுமாரி, தவளை, ஓநாய், கோபுரத்துல அடைபட்ட நீளமுடிக்காரி... எல்லாத்தையும் ஒரே பானையில போட்டுக் கிண்டியிருக்கீங்க, உங்க கம்பெனிக்காரங்க. சரி, கிண்டுங்க! உப்பு போட வேணாமா? தவளை கெணத்து மேட்டுல உக்காந்திருக்கு. ராஜகுமாரி வந்து வாயத் தொறக்குறா. அவ்வளவுதான்! அடுத்த நிமிஷம் வெள்ளக் குதிரையில மாப்பிள்ள. தவளைய யாரு சார் தின்னது? குதிரையா?

ஓநாய் கதையக் கேளுங்க. கதவத் தட்டுது. உள்ள மூணு பன்னிக்குட்டி வெடவெடன்னு நடுங்குது. அடுத்தாப்புல பாத்தா, ஓநாயும் பன்னியும் ஒரே மேசையில உக்காந்து கேக்கு வெட்டுதுங்க! எப்ப சமாதானமாச்சு? யாரு பஞ்சாயத்து பண்ணது? கீழ படம் பாக்குற ஒரு வாண்டு, "அப்பா, நான் நடுவுல தூங்கிட்டேனா?"ன்னு கேக்குது. "இல்லடா செல்லம், நானும் அதத்தான் யோசிக்கிறேன்"ங்குறாரு அவங்கப்பா.

சிரிக்கிறீங்க. எனக்கு வயிறு எரியுது சார். பக்கத்து ஊர்ல இதே படம் ஹவுஸ்ஃபுல்லாம். இங்க மட்டும் இடைவேளைக்கு வெளிய போன சனம் திரும்பி வர்றதில்ல. முதலாளி நேத்து ஏறி வந்து, "கோளாறு படத்துலயா, ஒங்கிட்டயா? ஒங்கிட்டன்னா நீ கீழ வாசல்ல நின்னு டிக்கெட் கிழி"ன்னுட்டாரு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு நாள் பூரா நிக்கணுமாம்! அதான், நீங்களே ஒரு வார்த்த, "படந்தான் சரியில்ல"ன்னு அவர்கிட்ட...

என்னது? பாட்டா?

பாட்டெல்லாம் நான் ஓட்டுறதில்லையே சார்.

பாட்டு வந்தா சனம் எந்திரிச்சிரும். கதவத் தொறக்குறதும் மூடுறதும், திரையில வெளிச்சம் அடிக்கிறதும்... ஒரே ரோதனை. அந்தக் காலத்துல ஃபிலிமக் கத்திரி வச்சு வெட்டுவேன். இப்ப பட்டன். ஒரு அமுக்கு, பாட்டத் தாண்டிரும். இதுல பன்னெண்டு பாட்டு சார்! அமுக்கி அமுக்கி விரலே வீங்கிப் போச்சு. ஒண்ணு விடலையே நானு! இத்தன வருஷத்துல "பாட்டு எங்க?"ன்னு ஒருத்தர் கேட்டிருப்பாங்களா?

ஏன் சார் மொகம் அப்படிப் போகுது? தண்ணி குடிக்கிறீங்களா?

நீங்க கம்பெனி ஆளு இல்லையா? பின்ன?... பாட்டெழுதுனவரா! பன்னெண்டுமா?

ஐயையோ. உங்க தங்கச்சி இங்கதான் வந்து பாத்தாங்களா? வீட்டுக்குப் போயி, "அண்ணன் ஒரு வரி எழுதல, பேருகூட வரல, அம்புட்டும் புளுகு"ன்னு... மச்சான், மாமியார் எல்லாரும் நம்பிட்டாங்களா? அட பாவமே! பேரு போடுறதும் மொத பாட்டு மேலதானா?

இருங்க, இருங்க. தவளை மனுஷனா மாறுறதே பாட்டுக்குள்ளதானா? ஓநாய் மன்னிப்புக் கேக்குறதும்? முழுக்கதையையும் பாட்டுலயா சொல்லி வச்சிருக்கீங்க! அத ஒரு சீட்டுல எழுதிப் படம் வர்ற பொட்டியில ஒட்டக்கூடாதா சார்?

சரி சரி, கோவிச்சுக்காதீங்க. மேட்னிக்கு நேரமாச்சு. இந்தா, கையக் கட்டிக்கிட்டேன். பட்டன் பக்கமே போகமாட்டேன். ஓடுது பாருங்க... அந்தா உங்க பேரு! நல்லாப் பெருசாத்தான் போட்டிருக்காங்க. கோபுரம்... நீளமுடிக்காரி... வாயத் தொறக்குறா...

அடேயப்பா.

சார், கீழ எட்டிப் பாருங்களேன். பொடிசுங்க சீட்டு மேல ஏறி நின்னு ஆடுதுங்க! பாப்கார்ன் விக்கிறவரு தட்டோட கதவோரமா நின்னுட்டாரு. ஒருத்தரும் எந்திரிக்கல சார்... ஒருத்தரும்!

ஆமா, முதலாளி படியேறி வர்ற சத்தம் எனக்கும் கேக்குது. சொல்லிடறேன், எங்கோளாறுதான்னு. டிக்கெட் கிழிக்கச் சொன்னா கிழிக்கிறேன். அதுக்கு முன்னாடி இன்னும் ஒரு சரணம் பாக்கியிருக்கு.

நீங்க என்ன சார், வந்ததுலேருந்து ஓயாமப் பேசிக்கிட்டு! ஸ்ஸ்... பாட்டக் கேளுங்க.