அறுபத்து மூன்று கூச்சக்காரர்கள்

அவைக்குத் தலைமை தாங்கி, ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுமாறு எனக்கு அன்புக் கட்டளையும் இட்டு அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே! கோப்பையைக் கொடுப்பதற்கென்றே நெடுந்தூரம் வந்து, அதைக் கொடுக்க முடியாமல் போகப் போவதை இன்னும் அறியாமல் புன்னகைக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டும், அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டும் அரக்கப் பரக்க ஓடிவந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கடைசி வரிசையில் நாற்காலியின் பின்னங்கால் இரண்டில் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், ஆமாம் உன்னைத்தான், நேராக உட்கார், என் உயிரை வாங்குவதற்கென்றே உதித்திருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும், இருபத்திரண்டு ஆண்டுகளாக இப்பள்ளியில் இயற்பியல் கற்பித்து, இரத்த அழுத்தத்தைத் தவிர வேறெதிலும் உயராத இந்த ஆசிரியையின் வணக்கம்.

இன்று எனக்கு இடப்பட்ட பணி எளியது. பதினோராம் வகுப்பு மாணவர்கள் அறுபத்து மூன்று பேரும் ஆளுமை வளர்ச்சி ஏட்டை ஒரு பக்கம் விடாமல் நிரப்பியிருக்கிறார்கள். அதற்காக எங்கள் பள்ளிக்கு ஒரு கோப்பை. அந்த ஏட்டுக்குப் பொறுப்பாசிரியை நான். நான்கு நல்ல வார்த்தை பேசி, கோப்பையை வாங்கி, கைதட்டலோடு கீழே இறங்க வேண்டும். அவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல். ஆனால் என் வயிறு எரிகிறதே, நான் என்ன செய்ய?

ஏடு என்றால் என்ன என்று பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று கேள்வி. இந்த மாதம் எதில் தடுமாறினேன்? யாரிடம் உதவி கேட்டேன்? என்ன மாறியது? வளரும் பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், தன் தடுமாற்றத்தைத் தயங்காமல் சொல்லப் பழக வேண்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடு. அவருக்கு என் வணக்கம். அவர் எங்கள் பள்ளியைப் பார்த்ததில்லை.

ஏடு வந்த முதல் நாளே பிள்ளைகள் கேட்டார்கள், "டீச்சர், இதுல என்ன எழுதணும்?" நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "உன் தடுமாற்றம் உனக்குத்தானே தெரியும், போய் யோசி" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை. மதிய இடைவேளையில், ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, மறு கையில் பேனாவோடு, எட்டே நிமிடத்தில் ஒரு மாதிரிப் பக்கம் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தினேன். "நான் முன்பு பிறர் முன்னிலையில் பேசக் கூச்சப்படுவேன். என் ஆசிரியரிடம் உதவி கேட்டேன். இப்போது தன்னம்பிக்கையுடன் பேசுகிறேன்." எட்டு நிமிடம்! இந்த எட்டு நிமிடத்துக்குத்தான் நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஈயடிச்சான் காப்பி! இவனுக்கும் கூச்சம், அவளுக்கும் கூச்சம், எதிர்பெஞ்சுக்கும் கூச்சம், ஏழாவது பெஞ்சுக்கும் கூச்சம். கூச்சமே குடிகொண்ட கூட்டம்! இந்த வகுப்பில் ஒருவன் இருக்கிறான். பிள்ளைகள் அவனை ரேடியோ என்பார்கள். காலை மணி அடித்ததும் வாயைத் திறந்தால் மாலை மணிக்குத்தான் மூடுவான். அவனும் கூச்சப்படுவதாக எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன்டா, உனக்கா கூச்சம்? எப்போடா வந்துச்சு?"

"இதை எழுதும்போது லேசா வந்துச்சு டீச்சர்."

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்துவிட்டுச் சரி என்று குறி போட்டேன். இன்னொரு பெண், மாதிரியில் 'உன் பெயரை இங்கே எழுதவும்' என்று நான் எழுதியிருந்ததையும் சேர்த்து, அழகான கையெழுத்தில், தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுதிவைத்திருந்தாள். கேட்டால், "நீங்கதானே டீச்சர் அப்படியே எழுதச் சொன்னீங்க" என்றாள். என்னத்தைச் சொல்ல! அவளுக்கும் ஒரு சரி.

தலைவர் சீட்டு நீட்டுகிறார். நேரமாயிற்று என்கிறது சீட்டு. வாங்கிக்கொள்கிறேன் ஐயா, நன்றி. இன்னும் எத்தனை சீட்டு இருந்தாலும் கொடுங்கள்.

அம்மா, அங்கே மூன்றாவது வரிசையில், "பிள்ளைங்க அப்படித்தானே" என்று சொன்னீர்களே, கேட்டது. இல்லையம்மா. பிள்ளைகள் அப்படி இல்லை. நாம் அப்படி. மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்தது. பக்கங்களை எண்ணினார்கள். படித்தார்களா? பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தார்கள். "அறுபத்து மூன்று பேரும் கூச்சத்தை வென்றுவிட்டார்களே, அற்புதம்!" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்த அற்புதத்துக்குத்தான் இந்தக் கோப்பை.

அறுபத்து மூன்று பேரும் அல்ல என்பதுதான் இப்போது நான் சொல்ல வந்தது. முதலில் அறுபத்திரண்டு பேர்தான். ஒரே ஒரு மாணவி வேறு மாதிரி எழுதியிருந்தாள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். "சொல்லுங்க டீச்சர், ஆனா பேரு வேணாம்" என்று நேற்றுதான் அனுமதி கொடுத்தாள். அவள் எழுதியதை, எழுத்து மாறாமல் படிக்கிறேன். கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

"நான்கு மாதமாக இயற்பியல் வகுப்பில் எனக்கு எதுவும் புரியவில்லை. யாரிடமும் உதவி கேட்கவில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று டீச்சர் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். மாறியது: எல்லோரையும் போலத் தலையாட்டக் கற்றுக்கொண்டேன்."

அந்த டீச்சர் யார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டாம். நான்தான். 'இதுகூடத் தெரியாதா' என்பது என் வாயில் எச்சிலைப் போல ஊறிக் கிடக்கும் சொல். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

சரி, இப்படி ஒரு பக்கம் என் மேசைக்கு வந்ததே, நான் என்ன செய்தேன்? உருகினேனா? ஓடிப்போய்த் தோளைத் தொட்டேனா? படிக்கவே இல்லை ஐயா, படிக்கவே இல்லை! அறுபத்து மூன்று ஏட்டையும் படிக்க ஆரம்பித்தால் எப்போது வீட்டுக்குப் போவது? 'நான் முன்பு' என்று ஆரம்பித்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இந்தப் பக்கம் அப்படி ஆரம்பிக்கவில்லை. சிவப்பு மையை எடுத்தேன். 'மாதிரிப்படி திருத்தி எழுதுக' என்று போட்டேன். கையெழுத்தும் போட்டேன். தேதியும் போட்டேன்! மறுநாள் அவளும் கூச்சத்தை வென்றுவிட்டாள். அறுபத்து மூன்று!

இது நடந்து ஐந்து வாரம். கடந்த புதன்கிழமை, மூன்றாவது பாடவேளையில், அவள் தந்தை வந்தார். தையல்காரர். கடையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார், அளவு நாடா கழுத்திலேயே தொங்குகிறது. கையில் பள்ளியிலிருந்து விலகுவதற்கான விண்ணப்பம்.

"எம் பொண்ணுக்குப் படிப்பு ஏறலையாம் டீச்சர். அவளே சொல்லிட்டா. கடையில வந்து உக்காரட்டும், தொழிலாச்சும் கத்துக்கட்டும்."

நான் எகிறினேன். "என்ன ஐயா பேசுறீங்க, அவ நல்லாத்தானே வகுப்புல உக்காந்திருக்கா, எல்லாத்துக்கும் தலையாட்டுறாளே" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்து, மேசையில் வைத்து நீவிவிட்டார். அவள் கிழித்து எடுத்துவைத்திருந்த அந்தப் பக்கம்.

"புத்தகப் பையில இருந்துச்சு. செவப்பு மையில உங்க கையெழுத்துத்தானே டீச்சர் இது? படிச்சுட்டுத்தான் போட்டீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி. இருபத்திரண்டு வருடமாகக் கேள்வி கேட்டே பிழைக்கிறவள் நான், அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கப் பார்த்தேன். அந்தப் பெண்ணை வரவழைத்தேன். அப்போதாவது புத்தி வந்ததா? வரவில்லை. அவளைப் பார்த்துத்தான் கோபம் வந்தது.

"ஏம்மா, இவ்வளவு நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் டீச்சர். நீங்கதான் திருத்திக் குடுக்கச் சொன்னீங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அந்த விண்ணப்பம் இப்போது அலுவலக எழுத்தரின் மேசையில் இருக்கிறது. தந்தையின் கையெழுத்து ஆகிவிட்டது. இந்த விழா முடிந்து தலைமையாசிரியர் கீழே இறங்கியதும் அவர் கையெழுத்தும் ஆகிவிடும். திங்கட்கிழமை அந்த இருக்கை காலி. எதற்காக? அறிவில்லாததற்கா? அக்கறையில்லாததற்கா? உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு! பொய் எழுதிய அறுபத்திரண்டு பேருக்குக் கோப்பை, பொய்யை எழுதச் சொன்ன எனக்குப் பாராட்டு, உண்மை எழுதிய ஒருத்திக்கு வெளியே போகும் வழி. இதற்குப் பெயர் ஆளுமை வளர்ச்சியா? யாருடைய ஆளுமை? எதில் வளர்ச்சி?

சிறப்பு விருந்தினர் அவர்களே, மன்னியுங்கள். அந்தக் கோப்பையை நான் தொட மாட்டேன். நீங்கள் திரும்ப எடுத்துப் போங்கள். தலைமையாசிரியர் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்தால் எனக்கு மேசைமேல் ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் காத்திருக்கிறது. வரட்டும் ஐயா. அதற்கு மாதிரி பார்க்காமல் பதில் எழுதுகிறேன்.

மாணவச் செல்வங்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். நான் மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்து நிம்மதியாக உட்கார்ந்திருக்காதீர்கள். பதினாறு வயது, பதினேழு வயது! வீட்டில் கதவை அறைந்து சாத்தத் தெரிகிறது, அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரிகிறது, புரியவில்லை என்ற ஒரு சொல்லைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? ஒருத்தி கேட்டால் சிரிக்கிறீர்களே, சிரித்தவர்களுக்கெல்லாம் புரிந்திருந்ததா? இப்போதே கேட்கிறேன். இந்த ஐந்து மாதத்தில் புரியாமலே தலையாட்டியவர்கள் கையைத் தூக்குங்கள். ஒன்றும் சொல்ல மாட்டேன். தூக்குங்கள்.

ஒரு கைகூட மேலே வரவில்லை. கூச்சத்தை வென்ற வீரர்களே, எங்கே போயிற்று தன்னம்பிக்கை?

ஆ! ஒரு கை. ரேடியோ, நீயா? நல்லது. உன் வாய் செய்யாததை உன் கை செய்தது. அதோ இன்னொன்று. அதோ சன்னலோரம் இரண்டு. ஐந்து, எட்டு... ஏய், முதல் மதிப்பெண் வாங்குகிறவளே, நீயுமா? என்ன சொல்கிறாய்? "மனப்பாடம் டீச்சர்." ஐயோ, என் தலையெழுத்தே! தூக்குங்கள், தூக்குங்கள். வகுப்பே தூக்கிவிட்டது! அப்படியானால் நான் ஐந்து மாதமாக யாருக்குப் பாடம் நடத்தினேன்? சுவருக்கா?

இருங்கள். கதவோரம் ஒருத்தி எழுந்து நிற்கிறாள். அவளேதான். பெயர் வேண்டாம் என்றவள், எல்லோரும் பார்க்க அவளாகவே எழுந்து நிற்கிறாள். யாரும் திரும்பிப் பார்த்துக் கிசுகிசுக்க வேண்டாம். ஒலிவாங்கியை அவளிடம் கொடுங்கள். கேள் அம்மா.

"சுருள்வில் பாடத்துல, விசைக்கு முன்னாடி ஒரு மைனஸ் போடுவீங்களே டீச்சர். அது எங்கேர்ந்து வருது?"

இது கேள்வி! இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த மைனஸைப் போடுகிறேன், ஒருவரும் கேட்டதில்லை. ரேடியோ, மேசையில் சான்றிதழ்களைச் சுருட்டிக் கட்டியிருக்கிறதே, அந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி அவளிடம் கொடு. சான்றிதழ் விரிந்தால் விரியட்டும். ஒரு முனையை நீ பிடித்துக்கொள். மறு முனையை விரலில் மாட்டி இழு அம்மா. எந்தப் பக்கம் இழுக்கிறாய்?

"என் பக்கமா."

ரப்பர் உன் விரலை எந்தப் பக்கம் இழுக்கிறது?

"அந்தப் பக்கமா. திருப்பி."

நீ இழுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். சுருள்வில்லும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் என்று சொல்லத்தான் அந்த மைனஸ். வேறு ஒன்றும் இல்லை.

"அவ்வளவுதானா டீச்சர்?"

கேட்டீர்களா, தாய்மார்களே! கேட்டீர்களா, பெரியோர்களே! அவ்வளவுதானா என்கிறாள்! அவ்வளவுதான் மகளே, அவ்வளவேதான்! அரை நிமிடம் ஆகவில்லை. இந்த அரை நிமிடத்தை நான் கொடுக்காததற்கு ஐந்து மாதம் ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த அரை நிமிடத்துக்கு ஒரு தகப்பன் மகளின் படிப்பை முடித்துக்கொண்டு போக வந்தார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன், உன் பக்கம் சரி அம்மா, என் சிவப்பு மைதான் தப்பு.

அந்த விண்ணப்பத்தை என்ன செய்வது என்பது உனக்குப் பக்கத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருக்கும் உன் அப்பாவும் நீயும் எடுக்கிற முடிவு. வற்புறுத்த எனக்கு வாயில்லை. என்ன ஐயா, எழுந்து எங்கே போகிறீர்கள்? இன்னும் முடிக்கவில்லையே.

"ஆபீசைப் பூட்டிடுவாங்க டீச்சர். அந்தப் பாரத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்துடறேன்."

போங்கள் ஐயா. ஓடுங்கள்! யாராவது அவருக்கு வழி விடுங்கள்.

நீ என்னம்மா இன்னும் நிற்கிறாய்? "திங்கக்கிழமை வர்றேன் டீச்சர், ஆனா கேட்டா திட்டக் கூடாது" என்கிறாயா? திட்டுவேன்! புரியாமல் கம்மென்று உட்கார்ந்திருந்தால் கட்டாயம் திட்டுவேன். கேட்டால் திட்ட மாட்டேன். என் வாய் சும்மா இருக்காது, பழைய சொல் வந்துவிட்டால் எழுந்து நின்று, "டீச்சர், தெரியாததாலதான் கேக்கிறேன்" என்று சொல். அறுபத்து மூன்று பேரும் சொல்லுங்கள். திங்கட்கிழமை முதல் பாடவேளை, முதல் பாடம், முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சீட்டு நீட்டியும் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், வெறுங்கையோடு என்னை இறங்க விட்ட சிறப்பு விருந்தினர் அவர்களுக்கும், சிரித்தும் சினந்தும் செவிமடுத்த தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும், தூக்கிய கையை இன்னும் இறக்காமல் இருக்கும் என் செல்வங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. கையை இறக்குங்கள், வலிக்கும். வணக்கம்.